விழவில்லை என்றுதான் சொன்னேன்

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த உசரத்திலயிருந்தெல்லாம் பாய்ஞ்ச மனிசன், ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு எப்பிடிக் காக்கா இப்பிடி ஆன?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வலிக்கிறது. தொண்டையும் முன்னைப் போல இல்லை, அதன் கதை பின்னால் வரும். அதனால் எழுதி வைக்கிறேன். பெரிய படிப்பு எனக்கில்லை. கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

நான் கல்முனைக்குடிக்காரன். பெயர் அன்வர். அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அதனால் ஊருக்கெல்லாம் அன்வர் காக்கா. மீசை முளைத்த வயதில் கொழும்புக்குப் போய் இரும்புக் கடையொன்றில் வேலைக்கு நின்றேன். ஒரு நாள் கடைக்கு எதிரே படம் பிடித்தார்கள். கூரையிலிருந்து பாய வந்தவன் கீழே பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். நான் ஏறிப் பாய்ந்தேன். அதோடு இரும்புக் கடை முடிந்தது. முதலில் சிங்களப் படங்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் படமெடுக்க இங்கே வந்தபோது அவர்களுடைய ஸ்டன்ட் குழுவுக்கு ஆள் போதாமல் என்னைச் சேர்த்தார்கள். போகும்போது கையோடு கூட்டிப் போனார்கள். தாய்லாந்து, மொரோக்கோ, கடைசியில் ஹொலிவூட்டுக்கே. கதாநாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து வெளியே வந்து விழுந்தால் அது நான். குதிரையிலிருந்து, படிக்கட்டிலிருந்து, ஓடுகிற லொறியிலிருந்து விழுந்ததும் நான். உடம்பு கனத்த பிறகு கோர்டினேட்டர் ஆனேன். அதாவது, மற்றவன் விழுகிற இடத்தைப் பார்த்து, உயரம் பார்த்து, மெத்தை போட்டு, "இப்ப பாய்" என்று சொல்கிறவன்.

இத்தனை படத்திலும் என் முகம் ஒன்றிலும் இல்லை. ஊரில் டிவியில் படம் போனால் பிள்ளைகள், "இந்தா, அன்வர் காக்காட முதுகு!" என்று கூவுவார்கள். அவ்வளவுதான் என் புகழ்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விழுந்து எழும்பியவன், யாரும் வாய் திறக்கும் முன்னே, "நல்லா இருக்கன்" என்று சொல்லிவிட வேண்டும். நோகிறது என்று சொன்னால் நாளைக்கு அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். எலும்பு முறியாவிட்டால் அதை ஒரு விழுகையாகவே நாங்கள் எடுப்பதில்லை. தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. இந்த வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, வழிவிட்டது அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான். நான் இருப்பதும் என் மனைவி ஜெஸீமாவின் வீடு. அவள் மகளின் பிரசவத்துக்காக டோஹாவுக்குப் போயிருந்தாள். பெரிய வீட்டில் நான் ஒருவன். எந்த அலுமாரியைத் திறந்தாலும் அவளுடைய வாசம். என் சாமான் என்று பார்த்தால் ஒரு சூட்கேசும் ஒரு தொப்பியும்தான். தங்கச்சி ரஹ்மத் அடுத்த தெருவில் இருக்கிறாள். சோறு அங்கிருந்து வரும். கதைக்கத்தான் ஆளில்லை. நான் கதை இல்லாமல் இருக்க முடியாதவன். ஃபேனோடு கதைத்த நாட்களும் உண்டு.

முதலில் சேர்ட் பொத்தான். விரல் பொத்தானைத் தேடும், பிடிக்கும், ஆனால் துளைக்குள் தள்ளத் தெரியாமல் நிற்கும். பிறகு பிளேன்டீ கோப்பை கையிலிருந்து நழுவத் தொடங்கியது. பிறகு கால்கள். யாரோ என் முழங்காலுக்குக் கீழே வேறொருவனின் காலைப் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூச் செய்துவிட்டு ஹவுள் தொட்டிப் படியில் இறங்கும்போது இடது கால் மடங்கியது. மற்றவர்களானால் மண்டை உடைந்திருக்கும். என் உடம்பு என்னைக் கேட்கவேயில்லை. முகவாய் நாடியை நெஞ்சோடு ஒட்டி, தோளைக் கொடுத்து, ஒரு உருட்டு உருண்டு எழும்பி நின்றது. படியில் இருந்த இளந்தாரிகள் கை தட்டினார்கள்.

"மாஷா அல்லாஹ்! காக்கா இன்னும் தொழில உடல்ல!"

"திருப்பி ஒருக்காச் செய்யுங்க காக்கா, வீடியோ எடுக்கிற!"

நான் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற ஸுஜூதிலிருந்து எழும்பப் பக்கத்து ஆளின் தோளில் கை வைக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேர் நிறைந்த பள்ளியில், நான் விழுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சமைக்கிற குசினியில் விழுந்தேன், குளியலறையில் விழுந்தேன், முற்றத்தில் விழுந்தேன். ஒரு கீறல் இல்லை. டிஸ்பென்சரி டொக்டர், "விழுந்து கிழுந்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல டொக்டர், நல்லா இருக்கன்" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவேயில்லை. அவர் இரத்தத்தில் சீனி பார்த்தார், விட்டமின் எழுதினார், வயதைச் சொன்னார். வேறு என்ன செய்வார்?

ஒரு நாள் மத்தியானம் கல்முனை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்திருந்தேன். தங்கச்சியின் புருசன் இஸ்மாயில் உள்ளே வந்தார். பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவர். கையில் ஒற்றைச் செருப்பு.

"மச்சான், இது யார்ட செருப்பு?"

"என்னடது மாதிரி இரிக்கி."

"உங்கடதுதான். பஸ் ஸ்டாண்டடியில கிடந்த. நான் பொறக்கிட்டுப் பின்னால கூப்பிட்டுக் கூப்பிட்டு வாறன், நீங்க கிறுகியும் பாக்காம போறீங்க. காலக் காட்டுங்க பாப்பம்."

காட்டினேன். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடந்த உள்ளங்கால் முழுவதும் கொப்பளம். எனக்குத் தெரியவில்லை. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, தார் சுட்டதும் தெரியவில்லை. இஸ்மாயில் செருப்பைக் கீழே வைத்துவிட்டு ரஹ்மத்தைப் போனில் கூப்பிட்டார். ரஹ்மத் வந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். "காக்கா, இது சீனியுமில்ல வயசுமில்ல. எழும்புங்க."

இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: பொத்தான் போட முடியாமல், செருப்பு கழல்வது தெரியாமல், நடை தள்ளாடுகிறது என்றால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். கழுத்து நோகாமலே கழுத்தில் வருத்தம் இருக்கலாம். எனக்குக் கழுத்தில் ஒரு நோவும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் என் நடுவிரல் நகத்தைப் பிடித்துச் சுண்டினார். பெருவிரல் தானாகத் துள்ளியது. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அவருடைய நெஞ்சை உதைக்கப் போனது. கோட்டில் நடக்கிற மாதிரி குதியை விரலோடு வைத்து நடக்கச் சொன்னார். கயிற்றில் நடந்த நான் தரையில் நாலு அடி வைக்க முடியாமல் சுவரைப் பிடித்தேன். அவருடைய முகம் மாறியது. கொழும்புக்கு எழுதித் தந்தார்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுக்கிற குழாய். அசையாமல் கிடக்க வேண்டும். வெல்டிங் ஒட்டுக் கடையில் தகரம் அடிக்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். எத்தனையோ கெமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். என்னை மட்டும் எடுக்கிற கெமரா இதுதான் முதல் என்று ஒரு நினைப்பு வந்து சிரிப்பும் வந்தது. சிரித்தால் படம் கெட்டுவிடும் என்று அடக்கினேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்களப் பெண். கதை குறைவு, கண் கூர்மை. அவர் சொன்னது இதுதான்: கழுத்தெலும்புகளுக்கு நடுவே மூளையிலிருந்து இறங்குகிற நரம்புத் தண்டு ஓடுகிறது. என் கழுத்தில் எலும்புகள் தேய்ந்து, முள் மாதிரி வளர்ந்து, இடையிலிருக்கிற மெத்தைச் சவ்வுகள் பிதுங்கி, தண்டை நெரித்துக்கொண்டிருக்கின்றன. நம் பக்கத்து ஆட்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: வாய்க்காலில் மூன்று இடத்தில் மண் சரிந்துவிட்டது. குளத்தில் தண்ணீர் இருக்கிறது, கடைசி வயலுக்குப் போய்ச் சேரவில்லை.

"எத்தனை முறை விழுந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"விழவில்லை" என்றேன்.

பக்கத்தில் நின்ற இஸ்மாயிலுக்குச் சிங்களம் விளங்கும், பேசத்தான் வராது. அவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மச்சான் செல்றீங்க? இவரு விழுவாரு டொக்டர், ஆனா மீசையில மண் ஒட்டாது!"

அதைச் சிங்களத்தில் அவருக்குச் சொல்ல வேண்டியவனும் நான்தான். டொக்டர் சிரிக்கவில்லை. என்ன தொழில் செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். பள்ளிவாசல் படியையும் குசினியையும் சொன்னேன். பேனையைக் கீழே வைத்தார்.

"மற்றவர்கள் ஒரு தடவை விழுந்து கையை முறித்துக்கொண்டு வருவார்கள். அப்போதே நாங்கள் கழுத்தையும் பார்த்துவிடுவோம். நீங்கள் நன்றாக விழுந்து விழுந்து பல மாதங்களை வீணாக்கிவிட்டீர்கள்."

அதற்குப் பிறகு சொன்னதுதான் பெரிது. ஒப்பரேசன் இல்லாவிட்டால் இன்னும் ஒரு சின்ன விழுகை போதும், கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுவிடலாம். எப்படி விழுந்தாலும் சரி. நான் உருள்வதற்காக நாடியை மடக்குகிறேனே, அந்த மடக்கே போதும். ஒப்பரேசன் செய்தால் நெரிபடுவது நிற்கும். போனது திரும்பி வருமா என்று சத்தியம் செய்ய முடியாது. சிலருக்கு, அரிதாக, மேசையிலேயே நிலைமை மோசமாவதும் உண்டு. நடந்து போய் நடக்காமல் வருவது. வாட்டில் சேர்த்துவிட்டு, யோசித்துச் சொல்லச் சொன்னார்.

இஸ்மாயில் கடையைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "நான் போறன் எண்டு நினைக்காதீங்க மச்சான்" என்றார். நினைக்காமல் எப்படி இருப்பது?

பக்கத்துக் கட்டிலில் காரைதீவைச் சேர்ந்த நடராசா. பஸ் கொண்டக்டர். முருங்கை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் யாரென்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏழு மாடியில இருந்து பாய்ஞ்ச காக்காவும் ஏணி உசர முருங்கையில இருந்து விழுந்த நானும் ஒரே வாட்டுல! டிக்கட் வேற வேற, இறங்கின ஹோல்ட் ஒண்டுதான்."

"முருங்கைக் கொப்பு முறியும் எண்டு தெரியாதா உங்களுக்கு?"

"இதச் சொல்ல இப்ப ஊரே வருது காக்கா. ஏறக்குள்ள ஒருத்தனும் வரல்ல." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எப்பிடி விழுறது எண்டு சொல்லித் தாங்களன்."

"இப்ப எதுக்கு?"

"சும்மா. கேட்டு வைப்பம்."

சொன்னேன். தோள் எப்படி, நாடி எப்படி, மூச்சை எங்கே விடுவது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொன்னேன்: விழும்போது எதையும் பிடிக்கப் போகாதே. பிடிக்கப் போனவனின் மணிக்கட்டுத்தான் முதலில் முறியும். எத்தனையோ பேருக்குப் படிப்பித்த பாடம்.

சில நாட்களில் அவருடைய மகள்மார் வந்து அவரைத் தள்ளுநாற்காலியில் ஏற்றினார்கள். போக முதல் என் கட்டிலடியில் நிறுத்தச் சொன்னார். "காக்கா, எனக்கு ஓம் எண்டு சொல்லவோ இல்லை எண்டு சொல்லவோ இடமிருக்கல்ல. உங்களிட்டக் கேக்கிறாங்க. அது பெரிய விசயம்." அவர் போன பிறகு அந்தக் கட்டில் விரிப்பில்லாமல் கிடந்தது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

கோர்டினேட்டராக இருந்தபோது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் ஆளைத் தனியே கூட்டிப் போய்க் கேட்பேன்: "இப்ப வேணாம் எண்டா சொல்லு. ஏன் எண்டு கேக்க மாட்டன், யாருக்கும் சொல்லவும் மாட்டன்." இப்போது என்னைத் தனியே கூட்டிப் போய்க் கேட்க ஒருவர் வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் நாற்பது கட்டில்கள். தனியாகத்தான் இருந்தேன், ஆனால் கேட்க ஆளில்லை.

ஜெஸீமாவுக்குக் கழுத்துப் பிடிப்பு என்றுதான் அதுவரை சொல்லியிருந்தேன். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு போனில் அழைத்து முழுவதையும் சொன்னேன். பின்னால் மகளின் வீட்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்க, பயமா இரிக்கா?"

"நல்லா இருக்கன்."

"நான் அதக் கேக்கல்ல."

இந்த நாற்பது வருடத்தில் அவள் என் படம் ஒன்றும் பார்த்ததில்லை. விழுகிற இடம் வரும்போது எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். அவள் கேட்கிறாள்.

"ஓம்" என்றேன். "பயம்தான். கை கால் போய்த் திரும்பி வந்தா, உன்ட ஊட்டுல ஒரு கட்டிலுக்குப் பாரமாக் கிடக்கணும்."

"என்ட ஊடா? அப்ப நீங்க எங்க இருக்கிற, லொட்ஜிலயா?" குரல் உடைந்தது. "புள்ளக்கி நாள் கிட்டிட்டு. உட்டுட்டு வர ஏலாம இரிக்கி."

"வராத. அவளப் பாரு."

"செய்யுங்க. என்ன வந்தாலும் நான் பாத்துக்குவன். பாரம் கீரம் எண்டு இனி வாய் தொறக்கப்படாது."

மறுநாள் சம்மதம் சொன்னேன். பேனை பிடிக்க விரலில்லை, பெருவிரலில் மை பூசினார்கள்.

கழுத்தின் முன்பக்கம் வெட்டித்தான் உள்ளே போவார்கள். மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் ஒரு பக்கம் தள்ளிவைத்து, நெரிக்கிற சவ்வையும் முள்ளையும் எடுத்து, எலும்புகளை உலோகத் தகடும் திருகாணியும் வைத்துப் பூட்டுவார்கள். கண் விழித்ததும் கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். ஆடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அப்படித் தள்ளும்போது குரலுக்குப் போகிற நரம்பு சில வேளை மரத்துப் போகுமாம், வாரக்கணக்கில் இருக்குமாம், பெரும்பாலும் திரும்பி வருமாம். இதை யாரும் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள், பயத்தில் என் காதில் விழுந்திருக்காது. ஆஸ்பத்திரி நாட்களிலேயே கடினமானவை அவைதான். நோவில்லை, ஆனால் குரலில்லை. இஸ்மாயில் போனில் அழைத்தால் நான் மூச்சு விடுவது மட்டும் அவருக்குக் கேட்கும். அவரும் கொஞ்ச நேரம் பஸாரில் நடந்ததைச் சொல்லிவிட்டு, "சரி மச்சான், நீங்க கேட்டுக்கிட்டு இரிக்கிறீங்க எண்டு தெரியும்" என்று வைத்துவிடுவார். வெட்டிய கழுத்தால் பாண் இறங்கவில்லை. வாட்டில் வேலை செய்த என் தம்பி வயதுச் சிங்களவர் ஒருவர், கேட்காமலே பாணின் ஓரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு நடுவைப் பாலில் ஊறவைத்துத் தருவார். அவருக்கு நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. வெளியில் எடுத்த படத்துக்கும் கழுத்துப் பட்டிக்கும் இஸ்மாயில்தான் கொடுத்தார், எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. ரஹ்மத் பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்பினாள். பிரித்தால் என் சேர்ட்டுகள். எல்லாப் பொத்தானையும் வெட்டி எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டுகிற பட்டி வைத்துத் தைத்திருந்தாள். ஆனால் பட்டிக்கு மேலே பொத்தான்களைச் சும்மா அழகுக்குத் திரும்பவும் தைத்திருந்தாள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதபடி. அதை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். சத்தம் வராத தொண்டைக்கு அன்று ஒரு பயன் இருந்தது.

நடக்கப் பழக்க வந்த பிசியோதெரபிப் பெண்பிள்ளை என் நெஞ்சளவு உயரம். இரண்டு பக்கமும் கம்பி. மூன்றாவது அடியில் கால் மடங்கியது. உடனே என் கைகள் கம்பியை விட்டன. முப்பது வருடப் பழக்கம். நாடி மடங்கப் பார்த்தது, கழுத்துப் பட்டி தடுத்தது. அவள் பாய்ந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கத்தினாள்: "ஏன் விட்டீர்கள்? எல்லோரும் விழும்போது பிடிப்பார்கள், நீங்கள் விடுகிறீர்களே!"

சொல்லக் குரலில்லை. சொல்லவும் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பாடம்தான்: கால் ஆடினால் பிடி. அவள் எதிர்பாராமல் என்னை மெல்லத் தள்ளுவாள், நான் பிடிக்க வேண்டும். கூரையிலிருந்து பாய எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. கம்பியைப் பிடிக்கப் பழக வாரங்கள் எடுத்தன.

வீட்டுக்கு வந்தபோது குரல் பாதி திரும்பியிருந்தது, தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி. வலது கை பரவாயில்லை. இடது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. அவை என்னுடையவை என்று கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும். பேரப்பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் ஜெஸீமா வந்தாள். வாசலில் என்னைப் பார்த்துக் கிட்ட வந்தாள். கழுத்துப் பட்டியில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டாள்.

போன வாரம் கிளினிக்குக்குப் போக இருவரும் கல்முனை மெயின் வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். சாக்கடைக் கானை மூடிய சிலாபுக் கல் ஒன்று ஆடியது. இடது கால் போனது. நான் பிடித்தது அவளுடைய கையை. முழங்கைக்கு மேலே, அபாயாவோடு சேர்த்து, இரண்டு கையாலும். அவள் சின்ன உடம்பு. ஒரு அடி பின்னால் போனாள், பிறகு காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

எங்கள் ஊரில் புருசனும் பெண்டாட்டியும் நடுவீதியில் கை பிடித்து நிற்பது வழக்கமில்லை. எதிர்க்கடையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஜெஸீமா முக்காட்டை இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"கைய உடுங்க. சனம் பாக்குது."

"உட்டா விழுந்திடுவன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பஸ் வரும் வரைக்கும் அப்படியே நின்றோம்.